இரண்டு பேர் கேட்க ஒரு பெட்டி

வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் யோகநாதன் என்பவர் ஒரு கொமினிகேசன், அதாவது காசு கொடுத்துப் பேசுகிற தொலைபேசிக் கடை, நடத்திவந்தார். வெளிநாட்டுக்குப் பேச வருகிறவர்களும், வெளிநாட்டிலிருந்து வரப்போகும் அழைப்புக்காகக் காத்திருப்பவர்களுமாகக் காலை எட்டு மணிக்கே அங்கே உட்காரும் வாங்குகள் நிறைந்துவிடும். பலகை அடித்துப் பிரித்த மூன்று சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொலைபேசி. முன்மேசையில் அன்னபாக்கியம் இருப்பாள். மணி அடித்தால் எடுப்பதும், இன்னாருக்கு என்று தெரிந்ததும் வாங்கைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், எத்தனை நிமிடம் என்று குறிப்பதும் அவள் வேலை.

இரண்டாயிரமாம் ஆண்டில் அவளுக்கு நாற்பத்தொரு வயது. அந்த வேலையில் ஐந்து வருடம் இருந்துவிட்டாள். எடுத்ததும் வருகிற முதல் ஹலோவிலேயே எந்த நாடு என்று சொல்லிவிடுவாள். கனடா என்றால் தன் குரலே அரை நொடி கழித்துத் தனக்குத் திரும்பி வரும். நோர்வே பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் இருக்கும். குவைத், டுபாய் எல்லாம் சுளகில் அரிசி புடைக்கிற இரைச்சலோடு வரும். இதை அவள் ஒரு கெட்டித்தனமாக நினைத்ததில்லை. அந்தப் பலகைகளுக்குச் சத்தத்தை மறைக்கிற சக்தி இல்லை. உள்ளே அழுகிறவர்கள் அழுவது, சண்டை பிடிப்பவர்கள் சண்டை பிடிப்பது, செத்த செய்தி சொல்லப்படுவது எல்லாம் மேசைக்குக் கேட்கும். பிறர் கதையைக் கேட்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு கூச்சம் இருந்தது. அதனால் சொல்லை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்கப் பழகிக்கொண்டாள். லைனில் எங்கே கரகரக்கிறது, குரல் எந்த இடத்தில் மெலிகிறது என்று காது போய்விடும். அப்படிப் போகப் போகக் காது கூராகிவிட்டது.

பாவற்குளத்துக் குடியேற்றத்தில் பிறந்தவள் அவள். தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல்காணி எடுத்தவர். தொண்ணூறில் சண்டை தொடங்கி எல்லோரும் ஓடியபோது அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் குடும்பம் படகேறி இந்தியாவுக்குப் போனது. அதன்பிறகு ஒரு கடிதமும் இல்லை. தகப்பன் மடு அகதி முகாமில் இருந்தபோது இறந்தார். தாய் வவுனியாவில், நான்கு வருடம் கழித்து. தம்பி ஜெர்மனியில் இருக்கிறான். தீபாவளிக்கும் வருசப் பிறப்புக்கும் போன் எடுப்பான், அதுவும் அவசரமாக. வைரவபுளியங்குளத்தில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் அவள் வாடகைக்கு இருந்தாள். ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பழைய ரேப் றெக்கோடர், இருபத்திரண்டு கசற்.

கசற் பதிந்து கொடுக்கிற றெக்கோடிங் பார்க்காரன் அவளைக் கண்டாலே சிரிப்பான்.

"எல்லாரும் சத்தத்தைக் கூட்டிப் பதியச் சொல்லுவினம். நீங்கள் மட்டும்தான் அக்கா குறைச்சுப் பதியச் சொல்லுறியள்."

"கூட்டினால் வயலின் கிழியிது தம்பி," என்பாள் அவள். அவனுக்கு அது விளங்காது. யாருக்குமே விளங்காது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சத்தத்தைப் பற்றி அவள் யாருடனும் கதைத்ததில்லை. கதைப்பதற்கு அது ஒரு விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த ஆவணியில் யோகநாதன் கொழும்பிலிருந்து வந்த ஒரு பெட்டியை அவள் மேசையில் வைத்தார். உள்ளே வட்டமாக, சின்னச் சாப்பாட்டுத் தட்டளவில் ஒரு கையடக்கச் சீடி பிளேயர். கூடவே காதில் செருகுகிற இரண்டு குமிழ்கள் பூட்டிய ஒரு வயர், ஒரு புல்லாங்குழல் சீடி.

"பிள்ளை, கொழும்பிலை எனக்குத் தெரிஞ்ச முதலாளி ஒருத்தர் இதுகளை இறக்கப் போறாராம். எங்கடை சனம் வாங்கக்கூடிய விலையிலை. ஆனால் பாட்டு எண்டால் உயிரை விடுறவை என்ன கேப்பினம் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் எதை இறக்கிறதெண்டு முடிவெடுப்பாராம். அநுராதபுரம், குருநாகல் எல்லா இடமும் ஒவ்வொண்டு குடுத்திருக்கிறார். எனக்கு இதிலை ஒரு இழவும் விளங்காது. உமக்குத்தானே காது."

"எனக்கோ?"

"லைன் பழுதாகிறதுக்கு ஒரு நாள் முதலே சொல்லுறனீர். இதை நீரே கேட்டுப் பாரும். ஊருக்குள்ளை வேறை ஆர் ஆர் இருக்கினம் எண்டும் விசாரியும். எழுதித் தாரும், நான் பாக்ஸ் மெசினிலை கொழும்புக்கு அனுப்பிறன்."

ஞாயிறு மதியம் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்து அவள் அதைக் காதில் செருகினாள். பட்டனை அமத்தியதும் உள்ளே ஏதோ சுழலத் தொடங்கியது தெரிந்தது. ஆனால் சத்தம் இல்லை. பழுதாக்கும் என்று எடுத்துவிடப் பார்த்தாள். அப்போது குழல் தொடங்கியது. அதற்கு முன் ஒன்றுமே இல்லை. கசற்றில் பாட்டு வருமுன் ஒரு 'ஸ்ஸ்' வரும், பாட்டின் அடியிலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இருபது வருடமாக அதைச் சேர்த்துத்தான் அவள் பாட்டு என்று கேட்டிருந்தாள். இதில் அது இல்லை. குழல் ஓய்ந்த இடங்களில் ஒன்றும் இல்லாமல் போனது. முதல் தடவை அவளுக்குச் சந்தோசத்தைவிடப் பயம்தான் வந்தது. அறையில் தன்னுடன் இவ்வளவு காலமும் இருந்த யாரோ எழும்பிப் போய்விட்டதுபோல் இருந்தது. முதல் உருப்படி முடிந்ததும் நிற்பாட்டி, காதிலிருந்து குமிழ்களைக் கழற்றி, வெளியே வீட்டுக்காரியின் கோழிகள் கிண்டுகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி போட்டாள்.

அடுத்த நாள் ஒரு தாளில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். புதிய சீடி பிளேயரைக் கேட்டுப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று. வந்தவர்களில் பாதிப் பேர் எத்தனை லைற் எரியும் என்றுதான் கேட்டார்கள். பௌதிகம் ரியூசன் கொடுக்கிற நிரோஜன் வந்து, கொம்பியூட்டரில் கொப்பி பண்ணுகிற சீடியை இது வாசிக்காவிட்டால் வாங்க ஆளிருக்காது, ஒறிஜினல் வாங்க இங்கே யாரிடம் காசு இருக்கிறது என்றான். அது நியாயமான பேச்சு, எழுதிக்கொண்டாள். இளைப்பாறிய சங்கீத ரீச்சர் தங்கம்மா கறுப்புக் கண்ணாடியோடு வந்து பட்டன்களைத் தடவிப் பார்த்தார். கண்ணில் வெண்படலம். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே பிள்ளை. நிப்பாட்டிறது எது, தொடங்கிறது எது எண்டு விரலுக்குத் தெரிய வேண்டாமோ? பிறகு, ஒரு வரியை மட்டும் திருப்பித் திருப்பிப் போட ஏலுமோ? படிக்கிற பிள்ளையளுக்கு அதுதான் தேவை." அதையும் எழுதினாள்.

இரண்டாவது கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை, நீலச் சாரமும் வெளுத்த சேட்டுமாக ஒருவர் வந்து வாங்கின் மூலையில் இருந்தார். காலடியில் ஒரு வெறும் சாக்கு மடித்திருந்தது. இரண்டு மணித்தியாலம் அப்படியே இருந்தார். கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"அண்ணைக்கு எந்த நாட்டுக் கோல்?"

"கோல் இல்லைங்க. அந்த நோட்டீஸ். நீங்க வேலையா இருந்தீங்க, அதான்."

அவர் பெயர் ஆண்டியப்பன். செட்டிகுளத்துக்கு அப்பால் ஒரு குடியிருப்பில் உழுந்தும் மிளகாயும் செய்கிறவர். மலைநாட்டில் ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில் எஞ்சின் அறையில் உதவியாளாக இருந்தவர், எழுபத்தேழுக் கலவரத்தோடு குடும்பமாக வன்னிக்கு வந்தவர். உழுந்து விற்க வந்த இடத்தில் தாளை வாசித்திருக்கிறார்.

குமிழ்களைச் செருகிக்கொண்டு ஒரு உருப்படி முழுவதும் அசையாமல் கேட்டார். கழற்றி, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேற துளை இல்லைங்களா? பெரிய அம்ப்ளிபயருக்கு எடுக்கிற துளை?"

"இல்லைப் போலை."

"ம். காதுக்குக் குடுக்கிற துளையிலிருந்து எடுத்தா அவ்வளவு சுத்தமா வராதுங்க. இன்னொண்ணு..." என்று தயங்கினார். "சொல்லலாமா தெரியலை. அடிச் சத்தத்துல உப்பு கூடப் போட்டுட்டாங்க. மிருதங்கம் அப்படி இராதே. யாரோ இடையில நின்னு ருசி பார்த்துக் கலக்கின மாதிரி."

அன்னபாக்கியம் பேனையை மேசையில் வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் அதுதான் இடித்தது. அவள் அதற்குச் சொல் தேடிக் கிடைக்காமல் எழுதாமல் விட்டிருந்தாள்.

"ஓம்," என்றாள். "மிருதங்கம் வீங்கிப் போய்க் கிடக்கு."

"வீங்கி! அதேதான்." அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

தன் வீட்டில் மண்பானைக்குள் ஸ்பீக்கர் பூட்டி வைத்திருப்பதாகவும், அதில் போட்டுப் பார்த்தால்தான் இந்தப் பெட்டியின் உண்மைக் குணம் தெரியும் என்றும், ஆனால் பானைகளைப் பஸ்ஸில் கொண்டுவர முடியாது என்றும் சொன்னார். பெட்டியைக் கொடுத்துவிட யோகநாதன் சம்மதிக்கவில்லை. "நீரே கொண்டுபோய்க் கொண்டு வாரும்," என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் செட்டிகுளம் பஸ் ஏறினாள். மன்னார் வீதியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி நடத்தினார்கள். பையைத் திறந்த ஆமிக்காரன் சின்னப் பொடியன், மீசை இன்னும் சரியாக வரவில்லை. பெட்டியைக் கண்டதும் முகம் மாறியது. பற்றறி நான்கு இருந்தது, இரண்டு உள்ளே, இரண்டு மேலதிகமாக. புலிகளுக்குப் போய்விடும் என்று பற்றறி கொண்டுபோவது அங்கே பெரிய குற்றம்.

"இது என்ன?"

"சிந்து மாத்தயா, சிந்து," என்று தெரிந்த ஒரு சிங்களச் சொல்லைச் சொன்னாள். பாட்டு ஐயா, பாட்டு என்று.

"போடு."

பட்டனை அமத்திக் குமிழ்களை நீட்டினாள். ஒன்றை மட்டும் காதில் வைத்தான். பிறகு துவக்கைத் தோளில் சரித்துவிட்டு மற்றதையும் வைத்தான். வரிசை நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் அசையவில்லை. குழல் மேலே ஏறித் திரும்புகிற இடம் எப்போது வரும் என்று அவளுக்கு மனப்பாடம். அந்த இடம் வந்தபோது அவன் கண்ணை மூடித் திறந்ததைக் கண்டாள். பஸ் சாரதி ஹோன் அடித்தான். சாவடிக்குள்ளிருந்து யாரோ அதட்டினார்கள். அவன் குமிழ்களைக் கழற்றி, வயரைச் சுற்றி, பெட்டியை இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். மேலதிகமான இரண்டு பற்றறியை எடுத்து ஒரு தகரப் பேணிக்குள் போட்டுவிட்டான்.

பஸ்ஸில் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அவனுக்கும் கேட்கத் தெரியும் என்பதைச் சந்தோசமாக எடுப்பதா, என்னவாக எடுப்பதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஆண்டியப்பன் வீடு களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமான இரண்டு அறை. வாசலில் பக்கத்து வீட்டு வீரம்மா இருந்து உழுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தனியாக இருக்கிற ஆம்பிளை வீட்டுக்கு ஒரு பெண் வருகிறாள் என்று அவர்தான் அவளை வந்து இருக்கச் சொல்லியிருக்கிறார். அது அன்னபாக்கியத்துக்குப் பார்த்ததுமே விளங்கியது. மனம் இறுக்கம் விட்டது.

அவருடைய மனைவியும் மகள் சுதர்சினியும் தொண்ணூறில் இந்தியா போனவர்கள். காணியை விட்டுவிட்டு எல்லோரும் போகக் கூடாது, நிலைமை சீரானால் திரும்பலாம் என்று அவர் மட்டும் நின்றார். மனைவி அங்கே ஒரு முகாமில் இருந்து கடிதம் போடுவாள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, இப்போது பத்தொன்பது. இதை அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

உள்ளே, மணல் குவித்து அதன்மேல் இரண்டு பெரிய பானைகள் சரித்து வைத்திருந்தன. வாயில் ஸ்பீக்கர், வயிற்றுக்குள் இலவம் பஞ்சு. பக்கத்தில் அவரே பூட்டிய அம்ப்ளிபயர். கரன்ற் அந்தக் குடியிருப்புக்கு வரவேயில்லை. ஒரு உழவு இயந்திரத்தின் பழைய பற்றறியில்தான் எல்லாம் ஓடின. அவளை ஒரு கதிரையில் இருத்தி, அந்தக் கதிரையை நான்கு விரல் பின்னுக்கு இழுக்கச் சொன்னார். தானும் ஒரு கதிரை போட்டுத் தள்ளி இருந்தார்.

குழல் பானைகளிலிருந்து வரவில்லை. இரண்டு பானைக்கும் நடுவில், ஒன்றுமில்லாத சுவருக்கு முன்னால், ஒரு ஆள் இருந்து வாசிக்கிற உயரத்தில் வந்தது. இடப்பக்கம் வயலின். வலப்பக்கம் மிருதங்கம். அவள் கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள். நான்காவது உருப்படியில் குழல் நீளமாக இழுத்துவந்து விடப்போகிற இடத்தில், அதற்கு அரைக் கணம் முன்னால், ஏதோ ஒன்று. இருவரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினார்கள்.

"கேட்டீங்களா?"

"ஓம். மூச்சு. ஆரோ மூச்சை இழுத்தது."

"குழல்காரரு இல்லைங்க. அவரு நடுவுல இருக்காரு. இது வலப்பக்கம்."

"மிருதங்கக்காரர்," என்றாள் அவள்.

"மிருதங்கக்காரரு. அவரு விடுறப்ப இவரும் சேர்ந்து இழுக்கிறாரு."

வாசலில் வீரம்மாவின் சுளகு ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. என்ன கேட்டார்கள் இவர்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அன்னபாக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகிற விஷயம் இல்லை அது. தனக்குக் கேட்டது இன்னொரு ஆளுக்கும் கேட்டது என்பது மட்டும்தான். நாற்பத்தொரு வயதில் அது அவளுக்கு முதல் தடவை.

ஆறாவது உருப்படி நடுவில் பானைகள் முனகி ஓய்ந்தன. பற்றறி இறங்கிவிட்டது. நான்காவதிலிருந்து மறுபடி காதுக் குமிழில் கேட்கலாம் என்றார் அவர். நீங்கள் கேளுங்கோ, நீங்க கேளுங்க என்று கொஞ்ச நேரம் போனது. பிறகு ஆளுக்கொரு குமிழ் என்று கதிரைகளைக் கிட்டப் போட்டார்கள். வயர் ஒரு முழம்கூடப் பிரியவில்லை. தோள் படாமல் இருவரும் ஆளுக்கொரு பக்கம் சரிந்து இருந்தார்கள். அவள் காதில் இடப்பக்கம், அவர் காதில் வலப்பக்கம்.

"எனக்கு மிருதங்கம் தூரத்திலை கேக்குது."

"எனக்கு வயலினே இல்லைங்க."

"அந்த மூச்சு எனக்கு வரேல்லை."

"எனக்கு வந்துச்சு," என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் குமிழைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "முழுசா ஒரு ஆள் கேக்கிறதுதாங்க சரி."

அதன்பிறகு இன்னும் இரண்டு ஞாயிறு அவள் போனாள். வெள்ளிகளில் அவர் சந்தைக்கு வந்தால் கடை வாங்கில் கொஞ்ச நேரம் இருப்பார். முதலில் அண்ணை என்று கூப்பிட்டவள், பிறகு எந்த முறையும் சொல்லாமல் கதைத்தாள். ஊரில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்படி ஒன்றும் இருக்கவுமில்லை. அவர்கள் பேசியதெல்லாம் மிருதங்கத்தின் வீக்கம், வயரின் தடிப்பு, பஞ்சைக் கூட்டலாமா குறைக்கலாமா என்பதுதான்.

ஐப்பசியில் அவள் அறிக்கையை எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. கொப்பி சீடி வாசிக்க வேண்டும். பட்டன் விரலுக்குத் தெரிய வேண்டும். ஒரு வரியைத் திருப்பிப் போடும் வசதி வேண்டும். கரன்ற் இல்லாத ஊர்கள் உண்டு, ஆகவே வாகனப் பற்றறியில் ஓட வேண்டும், சின்னப் பற்றறியைக் குடிக்கக் கூடாது. அம்ப்ளிபயருக்குத் தனித் துளை வேண்டும். பெட்டி தன் பாட்டுக்குச் சத்தத்துக்கு ருசி சேர்க்கக் கூடாது, பதிந்தவர்கள் பதிந்தபடி தரவேண்டும். லைற் தேவையில்லை, அந்தக் காசை உள்ளே போடவும். கடைசியாக, காதுக் குமிழ் செருகும் துளை இரண்டு வேண்டும்.

யோகநாதன் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு வாசித்தார். "இதேன் ரெண்டு துளை?"

"ரெண்டு பேர் கேக்க."

"ஒராள் கேட்டிட்டு மற்றாளுக்குக் குடுத்தால் சரிதானே?"

"அது வேறை, யோகண்ணை," என்றாள். அவர் அதற்குமேல் கேட்காமல் பாக்ஸ் அடித்தார்.

தை பிறந்தபிறகு இரண்டு மரப்பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே இருந்தவை வெள்ளிப் பூச்சு, சுற்றி வர நீலமும் சிவப்புமாக லைற், அடிச் சத்தத்தை இன்னும் கூட்டித் தருகிற ஒரு பெரிய பட்டன். துளை ஒன்றுதான். அவள் கேட்டவற்றில் கொப்பி சீடி வாசிப்பது மட்டும் இருந்தது. எல்லா ஊர்க் கடிதங்களும் பயனுள்ளவை, ஆனால் பக்டறி எதைச் செய்கிறதோ அதில் மலிவானதைத்தான் எடுக்க முடிந்தது என்று கொழும்பு முதலாளி எழுதியிருந்தார். இரண்டு கிழமையில் எல்லாம் விற்றுப் போயின. கேட்டுப் பார்க்க வந்த பழைய பெட்டியை யோகநாதன் அவளுக்கே தந்துவிட்டார். "உம்மடை உழைப்புக்கு," என்றார்.

அதைச் சொல்லத்தான் அடுத்த வெள்ளிக்காகக் காத்திருந்தாள். ஆண்டியப்பன் வந்தார். அவரிடமும் ஒரு செய்தி இருந்தது.

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்காங்க. சித்திரையில. நான் போகணும்."

"எப்பிடிப் போவியள்?"

"மன்னார்ப் பக்கத்துல போட் இருக்குங்க. ஆள் சொல்லியிருக்கு."

அந்தக் கடலில் போனவர்களைப் பற்றி அந்த மூன்று பலகை அறைகளுக்குள் சொல்லப்பட்ட எல்லாமே அவளுக்குத் தெரியும்.

"அறுவடைக்கு வந்துருவேன். காணியை வீரம்மா மகன் பார்த்துக்குவான். வந்து... அந்தப் பானை ரெண்டையும் நீங்க எடுத்துக்கங்களேன். சும்மா கிடந்தா எலி பஞ்சை இழுத்துரும்."

"என்ரை அறையிலை வைக்க இடமில்லை," என்றாள். இடம் இருந்தது. கட்டிலை நகர்த்தினால் போதும். ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் அவர் திரும்பி வருவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விடும் என்று அவளுக்குப் பட்டது. பிறகு, அவர் போன அன்றே, எடுத்திருக்கலாம் என்றும் பட்டது.

சித்திரை போயிற்று. வைகாசியும் போயிற்று. எந்த அழைப்பை எடுக்கும்போதும் அவளுக்கு முதல் கணத்தில் ஒரு பதைப்பு வந்துபோகும். ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வாங்குகள் நிறைந்திருந்த நேரம், மணி அடித்தது. எடுத்ததும் ஹலோவுக்கு முன்பே தெரிந்துவிட்டது. இந்திய லைன். தகரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல்.

"நான்தாங்க. ஆண்டியப்பன்."

"சொல்லுங்கோ."

"கல்யாணம் நல்லபடி முடிஞ்சிச்சு. நான் வந்து... இப்ப வர்றதுக்கு இல்லைங்க. முகாம்ல பதிஞ்சிட்டாங்க. சம்சாரத்துக்கும் சுகமில்லை, கால் நடக்க மாட்டேங்குது. விட்டுட்டு வரமுடியலை."

"அது சரிதானே. எப்பிடி விட்டிட்டு வாறது?"

"இங்க ஒரே சத்தங்க. பூராவும் தகரக் கொட்டகை. நூறு வீட்டு ரேடியோ ஒண்ணாப் பாடும். கேக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை." பிறகு கேட்டார். "அந்தப் பெட்டி ஓடுதுங்களா?"

"ஓடுது. எனக்கே தந்திட்டினம்."

"அப்படியா! பக்கத்துல இருக்கா? கொஞ்சம் போட்டு, போனுக்குக் கிட்டப் பிடிங்களேன்."

பெட்டி மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. அவள் லாச்சியைப் பாதி திறந்தாள்.

"வேண்டாம்," என்றாள். "போனிலை கேட்டால் அது குழல் மாதிரி இராது. கீச்சிடும்."

மறுபக்கத்தில் அவர் சிரிப்பது இரைச்சலுக்குள்ளால் வந்தது. "ஆமாங்க. நீங்க சொல்றதுதான் சரி. வேணாம்."

மற்றவர்களின் நிமிடங்களை நொடி தவறாமல் குறிக்கிற அவள் அன்றைக்கு மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதற்குள் அவர் மூச்சு விடுவது கேட்கிறதா என்று தேடினாள். கேட்டது என்றுதான் நினைத்தாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

வாங்கில் ஒரு தாய் எழும்பி நின்று, "பிள்ளை, எங்களுக்கோ?" என்று கேட்டாள்.

"இல்லையம்மா. இருங்கோ, வரும்," என்றாள் அன்னபாக்கியம். றிசீவரை வைத்துவிட்டு லாச்சியை மூடினாள்.

அவர் மறுபடி எடுக்கவில்லை. ஒருமுறை ஒரு கடிதம் வந்தது, சுகம் விசாரித்து நான்கு வரி. அவள் நான்கு வரியில் பதில் போட்டாள். அது போய்ச் சேர்ந்ததோ தெரியாது. யோகநாதன் கடையின் முன்பக்கத்தை இப்போது சீடி பிளேயர்களுக்கு ஒதுக்கிவிட்டார். வாங்க வருகிறவர்கள் எது நல்லது என்று அவளைக் கேட்பார்கள். அவள் உள்ளதைச் சொல்லுவாள். அதனால் வியாபாரம் கொஞ்சம் குறைகிறது என்று யோகநாதன் குறைப்படுவார், ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் கட்டிலில் இருந்து குமிழ்களைச் செருகிக்கொள்வாள். குழல், வயலின், மிருதங்கம் எல்லாம் அதது அதன் இடத்தில் இருக்கும். நான்காவது உருப்படியில் அந்த மூச்சு வரும். மார்கழியில் ஒரு நாள் மழை பெய்துகொண்டிருந்தபோது வீட்டுக்காரி குடையோடு பின்பக்கம் வந்து, திறந்திருந்த யன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, தனிய இருந்து தலையாட்டுறாய்? பாட்டே கேக்கிறாய்?"

அன்னபாக்கியம் ஒரு குமிழைக் கழற்றினாள். "ஓம் அக்கா. குழல்."

"எனக்கொண்டும் கேக்கேல்லையே?"

"இது வெளியிலை கேக்காது அக்கா," என்று சொல்லிவிட்டு, மழைச் சாரல் கட்டிலில் அடிக்காதபடி யன்னலின் ஒரு கதவை மட்டும் இழுத்துச் சாத்தினாள்.